அட்வான்ஸ் கொடுக்கும் முன்: சென்னையின் பழைய தெருவில் சிறிய வீடு வாங்க முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் மனை 720 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. முன்கட்டு எழுபது வருடப் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்புக் கூரை), பின்கட்டு பிற்பாடு ஒட்டிய கான்கிரீட். தேட ஆரம்பித்து சாவி கைக்கு வர இரண்டரை வருடம் ஆனது. அதில் எட்டு மாதம் திருவல்லிக்கேணியில் வேறொரு வீட்டுக்காகப் போனது. விற்பவருக்கு ஒரு தங்கை இருப்பதே அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் திரும்பி வந்தது, தவணை தவணையாக.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அட்வான்ஸுக்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம், புரசைவாக்கம் மாதிரி பழைய பகுதிகளில் தனி வீடு வாங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கே வேறு.

முதலில் தெரு

வீடு பிடித்துப்போவதற்கு முன்னால் தெருவை மூன்று முறை போய்ப் பாருங்கள்: ஒரு வேலைநாள் காலை, ஒரு ஞாயிறு மாலை, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள். மூன்றாவதுதான் முக்கியம். சென்னையில் பல தெருக்கள் ஒரு காலத்து ஏரி. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய இடம். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே ஏரியைத் தேடினால் கிடைக்காது. ஏரி போனாலும் தண்ணீருக்கு அதன் பழைய வழி மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், முனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். அவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

அப்புறம் வாசற்படியைப் பாருங்கள். பழைய தெருக்களில் பழைய தார் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்திருக்கும். மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தரையை உயர்த்தினால் கூரை உயரம் எவ்வளவு மிஞ்சும் என்று அங்கேயே அளந்து பாருங்கள். பத்தடிக்கு மேல் கூரை இருக்கும் பழைய கட்டடத்தில் ஒன்றரை அடி தூக்கினாலும் சமாளிக்கலாம்; ஒன்பதடிக் கான்கிரீட் அறையில் முடியாது.

தண்ணீருக்கு மே மாதம் ஒரு நடை போங்கள். கிணறு இருக்கிறதா, போர்வெல்லில் தண்ணீர் உப்பா, குடிநீர் வாரியக் குழாயில் எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி) எத்தனை லிட்டர் பிடிக்கும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும்.

மனை யாருடையது?

கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில், குறிப்பாக மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும், கட்டடம் குடியிருப்பவருடையதாகவும் மனை கோவிலுடையதாகவும் இருக்கும் வீடுகள் ஏராளம். தாத்தா காலத்திலிருந்து மனை வாடகை கட்டிக்கொண்டு அங்கேயே வாழ்ந்திருப்பார்கள். சொந்த வீடு என்றே சொல்வார்கள், அவர்கள் மனசில் அது உண்மையும்கூட. விலையும் அக்கம்பக்கத்தைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

குத்தகை மனையில் வீடு கட்டியவர் நீதிமன்றம் மூலம் அந்த மனையை வாங்கிக்கொள்ள 1921-ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருந்தது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தச் சலுகை 1996-இல் எடுக்கப்பட்டுவிட்டது. "நாளைக்குக் கோவிலிடமிருந்தே கிரயம் வாங்கிக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோவில் நிலம் கைமாறாது. கட்டடத்தை மட்டும் வாங்கினால் வங்கிக் கடனும் கிடைக்காது, திருப்பி விற்பதும் கஷ்டம்.

இதைச் சரிபார்க்க நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் பட்டாவுக்கு இணையாகப் பார்க்கப்படும் ஆவணம் இது. அரசின் மின்சேவை இணையதளத்திலேயே வார்டு, பிளாக், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே கோவில் பெயரோ சர்க்கார் என்றோ இருந்தால் நின்று விசாரியுங்கள். பத்திரத்தில் உள்ள பரப்பும் பதிவேட்டில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் வீட்டுவசதி வாரிய ஒதுக்கீடாக வந்த வீடு என்றால், முதல் ஒதுக்கீட்டாளருக்கு வாரியம் விற்பனைப் பத்திரம் எழுதிக்கொடுத்ததா என்பதுதான் கேள்வி. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது.

பத்திரமும் குடும்பமும்

வில்லங்கச் சான்றில் தொடங்குங்கள். அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல் அது. பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இணையத்தில் கிடைக்காத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். வங்கிகள் வழக்கமாக 30 வருடம் கேட்கும். பழைய வீட்டுக்கு அது போதாது என்பது என் கருத்து. 30 வருடத்துக்கு முன் நடந்த ஒரு பாகப்பிரிவினையில்தான் சிக்கலின் வேர் இருக்கும். மூலப்பத்திரம் எந்த வருடமோ அதுவரைக்கும் போடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். சென்னை வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் உண்டு. சர்வே எண்ணும் மாறியிருக்கும், தெருப் பெயரும் மாறியிருக்கலாம், சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையும் மாறியிருக்கும். ஒரே எண்ணைப் போட்டுத் தேடி "வில்லங்கம் இல்லை" என்று வந்தால், அந்த எண்ணில் இல்லை என்பதுதான் அர்த்தம். எல்லா எண்களுக்கும், முன்பு அந்தத் தெரு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று காட்டாதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை, பதிவில்லாமல் அசல் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன், பதிவுக்கு வராத நீதிமன்ற வழக்கு எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் காட்டி "அசல் அண்ணன் வீட்டுல இருக்கு" என்றால், அண்ணன் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம், தப்பில்லை.

இனி குடும்பம். பழைய வீட்டை விற்பவர் பெரும்பாலும் அதை வாங்கியவர் அல்ல. வாங்கியவரின் பிள்ளையோ பேரனோதான். ஆகவே ஒரு காகிதத்தை எடுத்து, பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரை மேலே எழுதி வம்ச மரம் போடுங்கள். யார் எப்போது இறந்தார், அப்போது யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். வக்கீல் செய்வார் என்று விடாதீர்கள். நீங்கள் கொடுக்கும் பேப்பரைத்தான் வக்கீல் படிப்பார். அந்தக் குடும்பத்தின் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கப்போவது நீங்கள்தான்.

இந்துக் குடும்பத்தில் ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் ஐம்பது வயதில் போய்விட்டார், அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார் என்றால், அந்த அம்மாவுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. அவர் காலத்துக்குப் பின் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவரின் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். விற்பவருக்கே இது தெரிந்திருக்காது.

மகள்கள் விஷயம் இன்னும் சூடு. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சு கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, அவ பங்கு கேக்க மாட்டா" என்ற வசனத்தை நான் மூன்று வீடுகளில் கேட்டேன். சீருக்கும் பங்குக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு: தமிழ்நாடு 1989-இல் அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்குக் கொடுத்தது, மத்தியச் சட்டம் 2005-இல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருவல்லிக்கேணி வீட்டில் எங்களுக்கு நடந்தது இதுதான். அந்தத் தங்கை பணத்துக்காகத் தடுக்கவில்லை. தன்னை யாரும் கேட்கவே இல்லை என்ற வருத்தம். நியாயமான வருத்தம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதலிலேயே அவரைப் போய்ப் பார்த்திருந்தால் அந்த வீடு எங்களுடையதாகியிருக்கும்.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. அதற்கேற்ற வக்கீலைப் பிடியுங்கள்.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மனுவில் சொன்ன பெயர்கள்தான் அதில் இருக்கும். முதல் மனைவியின் பிள்ளைகள், சின்ன வயதில் இறந்துபோன மகனின் மனைவி, இவர்களெல்லாம் விட்டுப்போகும் பெயர்கள். அக்கம்பக்கத்தில் பேசினால் தெரிந்துவிடும். பங்குதாரரில் ஒருவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கையெழுத்து மட்டும் போதாது.

உயில் மூலம் வந்த சொத்தா? சென்னையில் எழுதிய உயிலுக்கும், சென்னையில் உள்ள சொத்தைப் பற்றிய உயிலுக்கும் நெடுங்காலம் நீதிமன்றத்தின் புரொபேட் (உயில் உண்மையானது என்ற உத்தரவு) கட்டாயமாக இருந்தது. பழைய கைமாற்றம் ஒன்று உயிலை வைத்து நடந்திருந்தால் புரொபேட் உத்தரவைக் கேளுங்கள். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் என்றால், அந்தப் பெற்றோரை நேரில் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்த செட்டில்மென்ட்டையே ரத்து செய்ய முடியும்.

உரிமையாளர் தன் சார்பில் விற்கக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவரோடு வீடியோவிலாவது பேசிவிடுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்து வீடு கைமாறியிருந்தால் அது உரிமை மாற்றமே ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டில் வாடகைக்காரர் இருந்தால், அவர் காலி செய்த பிறகுதான் மீதிப் பணம். வேறு பேச்சு வேண்டாம்.

கட்டடத்தைத் தட்டிப் பார்ப்பது

பத்திரம் தேறியபின் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனாரையும் சேர்த்து அழைத்துப் போங்கள். இரண்டு பேரும் வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரத்தின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிற்க வைத்துச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்த கூரை. நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் நிற்கும், கீழே அறையும் குளிர்ச்சியாக இருக்கும். அதற்கு எதிரி இரண்டு: கரையானும் ஈரமும். உத்தரத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் போகிற முனைதான் உளுத்திருக்கும். ஏணி போட்டு அந்த முனைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பதினொரு உத்தரத்தில் இரண்டு முனை மாவாகக் கொட்டியது. இரும்புக் கர்டர் கொடுத்துத் தாங்கினோம்.

1960, 70களின் கான்கிரீட் கூரைக்கு நோய் வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும்போது காரை பெயர்ந்து விழும். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் இது சீக்கிரம் வரும். விற்பதற்கு முன் புட்டி பூசி வெள்ளையடித்திருப்பார்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரியும்.

அடிச்சுவரில் பெயிண்ட் உதிர்ந்து உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசி மறைத்திருந்தால் இன்னும் மோசம், ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் முழுக்க மாற்றுவதாகவே செலவில் எழுதிக்கொள்ளுங்கள். இருப்பதில் எதையாவது காப்பாற்றலாம் என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது, வீண் ஆசை.

சுவர்களில் எது பொதுச்சுவர் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு மழைத்தண்ணீர் நம் முற்றத்தில் விழுகிறதா, நம் கழிவுநீர் அவர்கள் நடை வழியாகப் போகிறதா என்பதும் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் இருக்கலாம். சர்வேயரை வைத்து அளக்கும்போது இரு பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால்

இப்போது இருக்கும் அகலம் திரும்பக் கிடைக்காமல் போகலாம். பழைய வீடு மனை முழுக்க நிற்கும். புதிதாகக் கட்டினால் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள்படி இடம் விட வேண்டும். பதினைந்தடி அகல மனையில் பக்கத்தில் இடம் விட்டால் அறை என்று சொல்ல என்ன மிஞ்சும்? தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த பழைய பகுதிகளில் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டலாம். உங்கள் தெரு அதில் வருகிறதா என்பதை வாங்குவதற்கு முன் கேட்டு வையுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் அனுமதி வாங்கலாம். ஆனால் விதிகள் அதே விதிகள்தான். மெட்ரோ சுரங்கப் பாதைக்கு அருகில் என்றால் மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

பணக் கணக்கு

பழைய வீட்டில் விலை என்பது மனையின் விலை. கட்டடத்துக்குத் தனி விலை சொன்னால் அதைக் குறைத்துப் பேச உங்களிடம் பொறியாளர் குறிப்பு இருக்கும்.

ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 9 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. இந்த விலையில் வங்கி அதிகபட்சம் 75 லட்சம் தரலாம். அதுவும் அவர்களுடைய மதிப்பீட்டாளர் சொல்லும் தொகைக்குத்தான், கட்டடம் பழையது என்றால் அது குறையும். ஆக 25 லட்சமும் 9 லட்சமும் புரோக்கர், வக்கீல் செலவும் கையிலிருந்து வர வேண்டும். ரிப்பேருக்குத் தனி. மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்து நீங்களே கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் விற்பவர் ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. "பாதி கறுப்பு" என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தம், பதிவு, அதற்குப் பிறகு

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் ஏறும், வேறு யாருக்கும் விற்கத் தயங்குவார்கள். எல்லாப் பங்குதாரரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நிலைக்கதவு, தேக்குத் தூண், ஊஞ்சல் சங்கிலி, ஜன்னல் கம்பி என்று வீட்டோடு வருபவற்றையும் எழுதிவிடுங்கள். பழைய தேக்குக்கு நல்ல விலை இருக்கிறது. பேசி முடித்த வீட்டில் பதிவுக்கு முந்தைய வாரம் கதவு கழன்று போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. சொத்து வரி, தண்ணீர் வரி, மின்கட்டணம் எல்லாவற்றின் கடைசி ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு நாள் காலையில் வில்லங்கச் சான்றை இன்னொரு முறை பாருங்கள். சாவி, அசல் பத்திரங்கள், மீதிப் பணம் மூன்றும் ஒரே நாளில் கைமாறட்டும்.

அப்புறம் பெயர் மாற்றம். நில அளவைப் பதிவேடு, மாநகராட்சி சொத்து வரி, குடிநீர் வாரியம், மின் இணைப்பு, நான்கும் தனித்தனி. ஆறு மாதம் தள்ளிப்போட்டால் ஆறு வருடம் ஆகிவிடும். பழைய உரிமையாளரின் கையெழுத்து வேண்டிவந்தால் அவர் அப்போது எந்த ஊரில் இருப்பாரோ.

குடிபோவது ஆவணியில் என்றால், பால் காய்ச்சுவதற்கு முன்பே கொத்தனாரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுத்தம் செய்து, மழைநீர்த் தூம்பில் அரச மரக்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு இரண்டே மாதம்தான் இருக்கும்.